தூணின் வரவு செலவு

மொட்டை மாடியில் தகர ஷெட் இல்லாத வீடு நம் புதுச்சேரியில் இப்போது குறைவு. நாலு இரும்புத் தூண், மேலே ஷீட். வெல்டிங் கடைக்காரரைக் கேட்டால், "இந்த பைப் யானையைத் தாங்கும் சார்" என்பார். யானை தூணுக்கு நேர் மேலே நின்றால் ஒருவேளை தாங்கும். ஓரமாக நின்றால்? அந்த நேரத்தில் காற்றும் அடித்தால்?

நான் இன்ஜினீயர் இல்லை. பொதுப்பணித் துறையில் குமாஸ்தாவாக இருந்தவன். ஆனால் தூண் கணக்குத் தாள்கள் பல வருடம் என் மேஜை வழியாகத்தான் போயின. பொறுமையான இன்ஜினீயர் ஒருவர் விளக்கிச் சொன்னதை எழுதுகிறேன்.

துடைப்பத்து ஈர்க்குச்சி ஒன்றை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள். அது நசுங்காது, நடுவில் வில்லாக வளையும். ஒல்லியான இரும்புத் தூணும் அப்படித்தான் போகும். 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித மேதை இதற்குச் சூத்திரம் கண்டார். பெர்லின் அகாதமிக்கு அவர் எழுதிய கட்டுரை பிரெஞ்சில் இருக்கிறது, தலைப்பு 'சூர் லா ஃபோர்ஸ் தே கொலோன்', அதாவது தூண்களின் வலிமை பற்றி. ஒல்லியான தூணின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் அது தாங்கும் பாரம் கால் பங்காகிவிடும் என்பது அவர் கணக்கு.

இது நேர் பாரத்துக்கு மட்டும். பாரமும் வளைவும் சேர்ந்து வருவதை பிரெஞ்சில் 'ஃப்லெக்சியோன் கோம்போசே' என்பார்கள். அதைச் சரிபார்க்கும் முறை குமாஸ்தாவுக்கு எளிதில் புரியும். சம்பளத்தில் வீட்டுச் செலவு 60 சதவீதம், கடன் தவணை 50 சதவீதம். தனித்தனியே பார்த்தால் இரண்டும் சம்பளத்துக்குள்தான். கூட்டினால் 110. தூணிலும் அதே கதை. தாங்கக்கூடிய பாரத்தில் எவ்வளவு பங்கு செலவாகிறது, தாங்கக்கூடிய வளைவில் எவ்வளவு பங்கு, இரண்டையும் கூட்டினால் 1-ஐத் தாண்டக் கூடாது.

இதற்கு மேல் வட்டிக்கு வட்டி ஒன்று உண்டு. தூண் கொஞ்சம் வளைந்ததும் மேலே உள்ள பாரம் நேர்கோட்டை விட்டு விலகுகிறது. விலகிய பாரம் தூணை மேலும் வளைக்கிறது. ஆய்லர் சொன்ன எல்லையில் பாதி பாரம் இருந்தாலே வளைவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். மூன்றில் இரண்டு பங்கு என்றால் மூன்று மடங்கு. கணக்கில் இதையும் சேர்த்துத்தான் 1-க்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

சில வருடம் முன்பு என் தம்பி மகன் ஷெட் தூணிலேயே பிராக்கெட் அடித்து 1000 லிட்டர் டேங்க் வைக்கக் கிளம்பினான். அந்த ஷெட் நிழலில்தான் பிள்ளைகள் விளையாடும். "3 அங்குல பைப் பெரியப்பா, ஒரு டன் தாங்காதா?" என்றான். "ஒரு டன் தாங்கும்டா. தூணிலிருந்து ஒரு அடி தள்ளியல்லவா உட்காரப் போகிறது? எழுதிப் பார்க்கச் சொல்" என்றேன். கடைக்காரர் முகம் சுளித்தார். இன்ஜினீயர் கணக்குப் போட்டார். நேர் பாரத்துக்கு 0.35, வளைவுக்கு 0.80. கூட்டினால் 1.15. டேங்க் பிராக்கெட்டை விட்டு, கீழே செங்கல் சுவர் இருந்த மூலைக்குப் போயிற்று.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அன்று எத்தனை ஷீட்டுகள் பறந்தன! காற்று இல்லாத நாளில் எந்தத் தூணும் நன்றாகத்தான் நிற்கும். அன்று அது சுமப்பது பாரத்தை மட்டும். புயலன்றுதான் இரண்டு செலவும் ஒன்றாக வரும்.

ஆகவே மாடியில் ஷெட் போடுகிறவர்கள் இரண்டு கேள்வி கேளுங்கள். பாரம் தூணின் நடுவில் இறங்குகிறதா, ஓரத்திலா? பாரத்தையும் காற்றையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாயிற்றா? 'யானை தாங்கும்' என்று பதில் வந்தால், ஒரு இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். அவருக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.