அம்மாவின் தையல் அறையும் செக்‌ஷன் 170-ம்

எங்கள் வீட்டில் மூன்று அறைகள். ஒன்றில் தூங்குவோம், ஒன்றில் சமைப்போம், மூன்றாவதற்குள் யாரும் நுழைய முடியாது. அது அம்மாவின் தையல் அறை.

பத்துக்குப் பத்து அறைதான். கதவைத் திறந்தால் மெஷின் வரைக்கும் ஒற்றையடிப் பாதை ஒன்று போகும். இரண்டு பக்கமும் மூட்டைகள். ஜவுளிக்கடைப் பை, அரிசிச் சாக்கு, பழைய சூட்கேஸ் என்று எது கிடைத்ததோ அதில் துணி. அம்மா மட்டும் அந்தப் பாதையில் இருட்டில்கூடப் போய் ஊதா நூல்கண்டை எடுத்து வந்துவிடுவார். நாங்கள் போனால் ஊசி குத்தும்.

இப்படியே 25 வருடம் ஓடியிருக்கும். ஊரில் தனியாக இருந்த அப்பத்தா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் முடிந்து எங்களோடு வந்தபோதுதான் பிரச்சினை ஆரம்பித்தது. படி ஏறக்கூடாது, பாத்ரூம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதற்குப் பொருந்துவது தையல் அறை ஒன்றுதான்.

"அப்ப மெஷினை எங்கிட்டுப் போட?" என்றார் அம்மா.

"போதும்ல... இத்தனை வருஷம் தைச்சாச்சு. கண்ணு வேற முன்ன மாதிரி இல்ல" என்றார் அப்பா. அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. நான் பி.காம் சேர்ந்ததற்கும், போன வருடம் புது ஃபிரிட்ஜ் வந்ததற்கும் பின்னால் எத்தனை ஜாக்கெட் இருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில்லை.

நான்தான் வீரமாகச் சொன்னேன்: "கட்டிலும் மெஷினும் ஒரே ரூம்ல இருக்கலாம்ப்பா. செமஸ்டர் லீவுதானே, நான் ஒழுங்கு பண்றேன்."

கட்டில் ஆறடிக்கு மூன்றடி. அதாவது 18 சதுர அடி. அறை 100 சதுர அடி. இதில் என்ன கஷ்டம்? காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஸ்டோர்ஸ் கண்ட்ரோல் என்று ஒரு பாடமே இருக்கிறது. 'ஏ' பிரிவில் விலை கூடியது, 'பி'யில் நடுத்தரம், 'சி'யில் மலிவானது என்று பிரித்துக் கொண்டால் வேலை முடிந்தது. இப்படித்தான் நினைத்தேன்.

முதல் நாள் எல்லாவற்றையும் கூடத்தில் கொட்டிப் பிரித்தேன். வெற்றிகரமாக ஓர் 'ஏ', ஒரு 'பி', ஒரு 'சி' குவியல். அம்மா வந்து பார்த்தார். 'சி' குவியலில் இருந்து சின்னதாக ஒரு இரும்புச் சாமானை எடுத்தார்.

"இது என்னன்னு தெரியுமா?"

பாபின் கேஸ். விலையைப் பார்த்தால் அது 'சி'தான். அது இல்லாவிட்டால் மெஷினில் ஒரு தையல் விழாது. பாடத்தின் அடுத்த பக்கத்திலேயே இதற்கும் ஒரு முறை உண்டு. வைட்டல், எசென்ஷியல், டிசையரபிள், அதாவது விலையைப் பார்க்காமல் 'இது இல்லாவிட்டால் வேலை நிற்குமா?' என்று பார்ப்பது. உதிரி பாகங்களுக்கு அதுதான் சரி என்று பரீட்சையில் நானே எழுதியிருக்கிறேன். வீட்டில் மறந்துவிட்டேன் :-)

அதனால் மறுபடியும் முதலில் இருந்து. மெஷின் ஊசிகள் 11, 14, 16, 18 என்று நம்பர் வாரியாகச் சின்ன டப்பாக்களில். மெல்லிய துணிக்கு 11, சாதாரண ஜாக்கெட்டுக்கு 14, தடித்த துணிக்கு 16, ஜீன்ஸ் மாதிரி முரட்டுத் துணிக்கு 18. பாபின், பாபின் கேஸ், பெல்ட், எண்ணெய்க் குப்பி எல்லாம் மெஷினின் டிராயரில், கை எட்டும் தூரத்தில். பட்டன்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலில், வெளியே தெரிகிற மாதிரி.

தள்ள வேண்டியதைத் தள்ளுவதிலும் அம்மாவிடம் ஒரு சோதனை முறை இருந்தது. பழைய நூலை ஒரு அடி பிரித்து இரண்டு கையாலும் சுண்டி இழுக்க வேண்டும். பொட்டென்று அறுந்தால் மெஷினிலும் அறும், தூக்கிப் போடு. எலாஸ்டிக்கை இழுத்து விட்டால் பழைய நீளத்துக்கு வர வேண்டும், வராவிட்டால் குப்பை. ஹூக்கில் ஒரு துளி துரு இருந்தாலும் வேண்டாம், துவைத்தால் துணியில் கறை இறங்கும். சரக்கை வாங்கிய விலை, விற்றால் கிடைக்கும் விலை இரண்டில் எது குறைவோ அதில் மதிப்பிட வேண்டும் என்கிறது அக்கவுண்டிங் ஸ்டாண்டர்ட் 2. அந்தக் கணக்கில் மூன்று பை சரக்கின் மதிப்பு பூஜ்யம். அம்மா எதிர்ப்பே சொல்லவில்லை. எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

அந்தத் தெம்பில்தான் இரண்டாம் நாள் ஒரு காரியம் செய்தேன். பரண் மேல் பழைய செய்தித்தாள் கட்டு ஒன்று இருந்தது. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம், தெருவில் பழைய பேப்பர்காரர் வந்தார். போட்டுவிட்டேன். வந்த காசில் டீயும் பஜ்ஜியும். இதை இப்போதைக்கு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் அந்த அரிசிச் சாக்கைத் திறந்தேன். உள்ளே தைத்து முடித்து, அயர்ன் பண்ணி, மடித்து வைத்த ஜாக்கெட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு. எண்ணினால் 31. யாரும் வாங்க வராதவை. சிலவற்றுக்குப் பத்து வயது.

எனக்கு அன்றைக்குத்தான் பிசினஸ் லா பாடம் உயிரோடு எழுந்து வந்தது. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் பெய்ல்மெண்ட் என்று ஒரு பகுதி. ஒருவர் தன் பொருளை ஒரு வேலைக்காக இன்னொருவரிடம் ஒப்படைப்பது. அதில் செக்‌ஷன் 170: ஒப்படைத்த பொருள் மீது உழைப்போ திறமையோ செலுத்தி வேலையை முடித்தவர், கூலி கைக்கு வரும் வரை அந்தப் பொருளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். இதற்குச் சட்டத்திலேயே இரண்டு உதாரணம் இருக்கிறது. ஒன்று, வைரத்தைப் பட்டை தீட்டுகிற நகைக்காரர். இன்னொன்று யார் தெரியுமா? டெய்லர்! ஏ என்பவர் பி என்ற டெய்லரிடம் கோட்டுத் துணி கொடுக்கிறார். தைத்ததும் கொடுத்துவிடுகிறேன், மூன்று மாதம் கடன் தருகிறேன் என்று டெய்லர் வாக்குக் கொடுத்திருந்தால், காசு வரும் வரை கோட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை.

அம்மாவிடம் ஆர்வமாக விளக்கினேன். அம்மா கத்தரியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"காசு இல்லன்னு நான் யாரு ஜாக்கெட்டையாவது பிடிச்சு வச்சிருக்கேனா?"

இல்லைதான். 'அடுத்த வாரம் தாரேன்க்கா' என்றால் கொடுத்துவிடுவார். இந்த 31-ம் ஆள் வராததால் கிடப்பவை. ஆனால் சட்டம் சொல்லும் முக்கியமான விஷயம் வேறு. பிடித்து வைக்கலாம், அவ்வளவுதான். அந்தச் செக்‌ஷன் விற்கிற உரிமையைக் கொடுக்கவில்லை. அதாவது இந்த மூட்டை நம் சரக்கே இல்லை. ஏ, பி, சி எந்தக் குவியலிலும் இதைப் போட நான் யார்?

சரி, அப்படியானால் திருப்பிக் கொடுத்துவிடலாம். சீட்டுகளைப் பார்த்து ஒரு பட்டியல் போட்டேன். பெயர், தெரு, போன் நம்பர். அம்மா பட்டியலை வாங்கிப் படித்தார். பேனாவை எடுத்து மூன்று பெயர்களை அடித்தார்.

"இவங்களைக் கூப்பிடாத."

"ஏம்மா?"

"அந்தப் பச்சைப் பட்டு, மக கல்யாணத்துக்குத் தைக்கக் குடுத்தது. கல்யாணம் நின்னுபோச்சு. அவங்களா வர்றப்ப வரட்டும். நீ போன் போட்டு ஞாபகப்படுத்தாத."

மற்ற இரண்டுக்கும் காரணம் சொல்லவில்லை. நான் மீதி 28 பேரைத் தேடினேன். 17 பேர் கிடைத்தார்கள். ஒருவர் ஜாக்கெட்டைப் பார்த்து, "இதுக்குள்ள நானா இருந்தேன்?" என்று சிரித்து, பிரித்து விட்டுத் தரச் சொன்னார். இரண்டு பேர் பழைய கூலியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒருவர் தான் தைக்கவே கொடுக்கவில்லை என்று சாதித்துவிட்டார்.

நான்காம் நாள் காலை வழக்கமான வாடிக்கையாளர் ஒருவர் துணியோடு வந்தார். அம்மா பரண் மேல் கையை விட்டார். துழாவினார். என்னைப் பார்த்தார்.

"இங்கிட்டு ஒரு பேப்பர் கட்டு இருந்துச்சே?"

அது பழைய செய்தித்தாள் இல்லையாம். அதாவது செய்தித்தாள்தான், ஆனால் அம்மா இத்தனை வருடமாக வெட்டி வைத்த பேப்பர் கட்டிங். முன்பக்கம், பின்பக்கம், கை என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வெட்டி, பெயர் எழுதி, மடித்து வைத்தது. 'இடது தோள் அரை இஞ்ச் இறக்கம்', 'கை கால் இஞ்ச் தளர்வு' என்று ஓரத்தில் குறிப்பு. டேப் வைத்து அளவு எடுத்தால் சுற்றளவும் நீளமும் கிடைக்கும். முதல் ஜாக்கெட் கொடுத்து, அது எங்கே பிடிக்கிறது என்று கேட்டு, இரண்டாவதில் திருத்தி, மூன்றாவதில் சரியாக வந்தது அந்தப் பேப்பரில்தான் இருந்தது. அதைத்தான் நான் பஜ்ஜியாகச் சாப்பிட்டிருந்தேன்.

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அதுல ஒண்ணு மட்டும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய பேப்பர் கடைக்கு ஓடினேன். நல்லவேளை, லோடு இன்னும் போகவில்லை. கடைக்காரர், "நீயே தேடிக்க தம்பி" என்று ஒரு மலையைக் காட்டினார். மதியம் மூன்று மணி வரை தேடினேன். அம்மாவின் கணக்கில் மொத்தம் 60-க்கு மேல் இருக்க வேண்டும். 53 கிடைத்தது. மீதி எந்தக் கடையில் எந்த வடையை மடித்ததோ.

அம்மா 53-ஐயும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். தேடியது அதில் இல்லை. பிறகுதான் சொன்னார். ஒரு அம்மாவுக்கு மார்பில் ஆபரேஷன் ஆகி ஒரு பக்கம் எடுத்துவிட்டார்கள். அவருக்கு அந்தப் பக்கம் மட்டும் வேறு மாதிரி வெட்டி, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்க வேண்டும். சரியாக வர நாலைந்து முறை திருத்த வேண்டியிருந்ததாம். வேறு டெய்லரிடம் போய் அளவு கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. அந்தப் பேப்பர் இருக்கிற வரைக்கும் அளவு எடுக்கவும் தேவையில்லை, எதுவும் பேசவும் தேவையில்லை. துணியைக் கொடுத்துவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

யார் என்று அம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் டேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "வந்துடுறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா கிளம்பிப் போனார். எட்டு மணிக்குத்தான் வந்தார்.

அப்பா கூடத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். 'போதும்ல' என்ற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. மறுநாள் ஆசாரியைக் கூட்டி வந்து ஜன்னலுக்குக் கீழே மடக்குகிற மாதிரி ஒரு வெட்டுப் பலகை அடிக்கச் சொன்னார். மெஷினுக்கு மேலே வெள்ளை வெளிச்சத்தில் ஒரு எல்இடி விளக்கு. அம்மாவுக்குக் கண் டெஸ்ட்டுக்கும் டோக்கன் போட்டாயிற்று.

கடைசியாக மிச்சமிருந்தவை வெட்டுத் துண்டுகள். நாலு சாக்கு. கிலோ கணக்கில் போட்டால் மெஷின் துடைக்க எடுத்துக்கொள்வார்கள். இந்த முறை நான் புத்திசாலியாகி, முதலில் கேட்டேன்: "இது யாரோடதும்மா?"

"இது நம்மளோடதுதான்" என்றார் சிரித்து.

அப்பத்தா கட்டிலுக்கு விரிப்பு தைக்கலாம் என்றார். பருத்தியைத் தனியே, பாலியஸ்டரைத் தனியே பிரித்தோம். பருத்தி துவைத்தால் சுருங்கும், பாலியஸ்டர் சுருங்காது. இரண்டையும் சேர்த்தால் முதல் துவைப்பிலேயே விரிப்பு கோணிக்கொள்ளும். பருத்தித் துண்டுகளை நனைத்துக் காயவைத்து, நாலரை இஞ்ச் சதுரமாக வெட்டினோம். நாலு பக்கமும் கால் இஞ்ச் தையலுக்குள் போய்விடும், வெளியே தெரிவது நாலு இஞ்ச். மூன்றடிக்கு ஆறடி என்றால் அகலத்தில் 9, நீளத்தில் 18, மொத்தம் 162 சதுரம். தையலுக்குள் மறையும் துணி மட்டும் 21 சதவீதம். புராசஸ் காஸ்டிங்கில் இதற்கு நார்மல் லாஸ் என்று பெயர். அடியில் அப்பத்தாவின் பழைய சுங்குடிச் சேலைகள் இரண்டை மடித்து வைத்து, 16-ஆம் நம்பர் ஊசியில், கொஞ்சம் நீளமான தையலாக அம்மா தைத்து முடித்தார்.

இப்போது அறையில் கட்டில், மெஷின், பலகை, இரண்டு அலமாரி எல்லாம் இருக்கின்றன. தரை தெரிகிறது. மீட்ட பேப்பர் கட்டிங் எல்லாம் பிளாஸ்டிக் ஃபைலில், பெயர் வாரியாக. அதில் ஒன்று புதிதாக வெட்டியது, பெயர் எழுதாதது. கீழ்த்தட்டில் ஒரு சூட்கேஸில் 14 ஜாக்கெட்டுகள், பாச்சை உருண்டையோடு. ஆள் கிடைக்காதவை 11, கூப்பிடக் கூடாதவை 3. அது இடத்தை அடைக்கத்தான் செய்கிறது. அடைக்கட்டும்.

அப்பத்தா விரிப்பில் சாய்ந்துகொண்டு ஒவ்வொரு சதுரமாக விரல் வைத்து, "இது மேலத்தெரு டீச்சரு சேலைல்ல?" என்று கேட்கிறார். அம்மா மெஷினை நிறுத்தாமலே, "இல்லத்தே, அது அவுக தங்கச்சியோடது" என்கிறார்.

அடுத்த வாரம் எனக்குக் கல்லூரி திறந்துவிடும். அதற்குள் உங்களிடம் ஒரு வேண்டுகோள். எங்காவது ஒரு டெய்லரிடம் தைக்கக் கொடுத்துவிட்டு வாங்காமல் விட்டது ஏதாவது இருக்கிறதா? யோசித்துப் பாருங்கள். அது இன்னும் மடித்து, சீட்டு வைத்துப் பத்திரமாக இருக்கலாம். போய் வாங்கிக்கொள்ளுங்கள்.