கையைத் தூக்கச் சொல்லி அளவெடு

கட்டுநாயக்கவில் கார்மென்ட்ஸ் வேலை பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பும் பெண்ணுக்குத் தையல் தெரியும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். பசறையிலும் அப்படித்தான் நம்பினார்கள். நானும் மறுக்கவில்லை. லயத்தில் அதற்கென்று ஒரு மரியாதை கிடைக்கிறது, அதை எதற்கு விடுவானேன்?

எனக்குத் தெரிந்ததெல்லாம் கை பொருத்துவது மட்டுந்தான். சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் அங்கே தொடங்கிய பிறகு மலைநாட்டிலிருந்து எத்தனையோ பெண்கள் போய் வந்துவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் என்னைப் போலத்தான். ஒருத்தி கொலர் வைப்பாள், ஒருத்தி பொக்கட் அடிப்பாள், ஒருத்திக்கு நாள் முழுக்கப் பொத்தான் துளை. எனக்கு வந்து சேர்ந்தது இடக்கை, வலக்கை. துணி வெட்டுவது வேறு பகுதி. அங்கே அடுக்கி வைத்த துணியை மின்கத்தி ஒரே இழுப்பில் அறுக்கும். நாங்கள் அந்தப் பக்கம் போனதில்லை. ஊருக்கு வந்தபோது என் கையில் வேகம் இருந்தது. ஒரு முழுச் சட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெரியாது.

வீட்டில் அம்மாவின் சிங்கர் மெஷின் கிடந்தது, கையால் சுற்றுகிற பழைய ரகம். சிங்கர் கொம்பனி 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. தவணைக் காசுக்கு மெஷின் கொடுக்கும் வழக்கத்தை உலகத்துக்குப் பழக்கியதும் அவர்கள்தான். மோட்டார் மெஷினில் பறந்த கைக்கு இது பெரிய தண்டனை. வலக்கை சக்கரத்தைச் சுற்ற, துணியைப் பிடிக்க இடக்கை ஒன்றுதான் மிச்சம். ஆனால் இந்த மெஷினில்தான் நான் தைப்பதைக் கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். ஊசி ஒவ்வொரு தடவையும் எங்கே இறங்குகிறது என்று தெரியும் அளவுக்கு அது மெதுவாக ஓடும்.

முதலில் வந்த வேலை கொழுந்துக்குப் போகிற பெண்களின் சட்டைகள். எல்லாம் ஒரே இடத்தில் கிழிந்திருந்தன: கமுக்கட்டில். பின்பக்கம் கூடை, தலையில் அதன் கயிறு, இடுப்பில் படங்கு. இரண்டு கையாலும் கிள்ளி, கை நிறைந்ததும் தோளுக்கு மேலே பின்னால் வீச வேண்டும். நாளெல்லாம் இதே அசைவு. கடையில் வாங்கிய சட்டை இதற்கு எத்தனை நாள் தாங்கும்? நான் கிழிந்த இடத்தை மடித்து இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் அதே சட்டை திரும்பி வரும், தையலுக்குப் பக்கத்தில் புதிய கிழிசலோடு. இன்னொருத்திக்குக் கைக்குழியை நன்றாகக் கீழே இறக்கி வெட்டித் தைத்தேன். தாராளமாக இருந்தால் கிழியாது என்பது என் கணக்கு. அதைப் போட்டவள் கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் மேலே ஏறி இடுப்பு தெரிந்தது.

பக்கத்துக் காம்பரா அத்தை ஒரு நாள் சட்டையை என் மடியில் போட்டுவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, நீ வேல செய்ற ஒடம்புக்குத் தைக்கிறியா, போட்டோவுக்கு நிக்கிற ஒடம்புக்குத் தைக்கிறியா?"

நான் கற்றுக்கொண்டதெல்லாம் போட்டோவுக்கு நிற்கிற உடம்புதான். ஆயத்த ஆடைகளில் பெரும்பாலானவை கை தொங்கவிட்ட நிலையில் மடிப்பு விழாமல் இருக்கும்படி வரையப்பட்டவை. அதற்காகக் கையின் மேல் வளைவை உயரமாக வைப்பார்கள். பார்ப்பதற்கு அழகு, ஆனால் கையைத் தூக்க இடமில்லை. கைக்குழியை இறக்க இறக்க நிலைமை இன்னும் மோசம். அப்போது கை உடம்போடு சேரும் இடம் கீழே போய்விடுகிறது, தூக்கும்போது பக்கத் துணி முழுவதையும் கை இழுக்கிறது. செய்ய வேண்டியது நேர் எதிர். கைக்குழியைக் கமுக்கட்டுக்கு நெருக்கமாக வைத்து, கையின் மேல் வளைவைத் தட்டையாக்கி, கையை அகலமாக வெட்ட வேண்டும். பிறகு கையும் உடம்பும் சந்திக்கும் மூலையில் ஒரு சதுரத் துண்டைச் சாய்த்து வைத்துத் தைக்க வேண்டும். நாலு அங்குலச் சதுரம் தாராளம். நெய்த துணி நீளவாட்டிலும் அகலவாட்டிலும் இழுபடாது, மூலைவாட்டில் இழுபடும். அந்தச் சின்னத் துண்டு கை தூக்கும்போது விரியும், இறக்கும்போது மடங்கிக்கொள்ளும்.

இதை நான் கண்டுபிடித்ததாகச் சொன்னால் பொய். வடஇந்தியாவின் பழைய குர்த்தாக்களில் இது எப்போதும் இருந்தது. அகலம் குறைந்த தறித்துணியை வளைவே இல்லாமல் வெட்டிய உடுப்பு அது. நடுவில் ஒரு நீளத் துண்டு, பக்கங்களில் கீழே அகலும் துண்டுகள், கைக்கு இரண்டு நேர்த் துண்டுகள், கமுக்கட்டில் சதுரம். துணியில் வீணாவது மிகக் கொஞ்சம். வயலிலும் குதிரை மீதும் இருந்தவர்கள் போட்ட உடுப்பு கையைத் தூக்க விடாமல் இருக்குமா? இன்று கடையில் தொங்கும் பஞ்சாபி உடுப்புகளில் பெரும்பாலும் அந்தச் சதுரத்தைக் காணோம். தையல் பழக விரும்பும் பிள்ளைகள் என்னிடம் வந்தால் சாரி ஜாக்கெட்டில் தொடங்க விடுவதில்லை. ஜாக்கெட்டில் டாட் பிடிப்பதும் கழுத்து வளைவும் கண்ணில் தண்ணீர் வரவைக்கும். இந்தப் பழைய குர்த்தாவை வெட்டச் சொல்லுவேன். எல்லாம் நேர்க்கோடு. முதல் உடுப்பே போடக்கூடியதாக வந்துவிடும்.

அத்தையின் சட்டைக்குச் சதுரம் வைத்துக் கொடுத்த பிறகு அது கமுக்கட்டில் கிழிந்து திரும்பி வரவில்லை. (அந்தத் துண்டுக்குத் தனியாகக் காசு கேட்டால் யாரும் தருவதில்லை. நான் கேட்பதையும் விட்டுவிட்டேன்.)

தைக்கிற வீட்டில் வெட்டுத்துண்டு சேரும். சதுரத்துக்குப் போக மிச்சமெல்லாம் கோணல்மாணல். எங்கள் வீட்டில் ஒட்டுப்போட்ட போர்வை எப்போதும் உண்டு. நமுனுகுலை மலைக்காற்று இறங்கும் இரவுகளில் அது இல்லாமல் முடியாது. ஆனால் யாராவது வந்தால் அம்மா அதைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். எனக்கும் வெட்கந்தான். கட்டுநாயக்க போர்டிங்குக்குப் போகும்போது போர்த்திக்கொள்ள அதைக் கொண்டு போ என்று அம்மா சொன்னதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வெட்கம் போனது அலபாமாப் பெண்களைப் பற்றி அறிந்த பிறகு. அமெரிக்காவின் கீஸ் பெண்ட் என்ற ஊரில், பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், தேய்ந்த வேலைச் சட்டைகளையும் டெனிம் காற்சட்டைகளையும் வெட்டிப் போர்வை தைத்து வந்தார்கள். முழங்காலில் வெளுத்த இடம்கூட அப்படியே தெரியும். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், அதைத் தொடர்ந்து நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் அவற்றைச் சுவரில் தொங்கவிட்டார்கள். 2006இல் அமெரிக்கத் தபால் துறை அந்தப் போர்வைகளை வைத்து முத்திரையும் வெளியிட்டது. தோட்டத்துப் பெண்களின் போர்வை! கட்டிலுக்கு அடியில் இருந்ததை வெளியே எடுத்து உதறிப் பார்த்தேன். அம்மா சேர்த்து வைத்த நிறங்கள் ஒன்றும் குறைவில்லை. ஆனால் துண்டுகள் இழுபட்டு மூலைகள் கோணியிருந்தன. மூலைவாட்டில் வெட்டுப்பட்ட துண்டுகளை நேராகத் தைத்தாலும் நேராக நிற்காது. சட்டைக்குக் கைகொடுத்த அதே குணம் போர்வையைக் கெடுத்துவிடுகிறது.

அதற்கு மருந்து தாள். பிள்ளைகள் எழுதி முடித்த கட்டம் போட்ட கணக்குக் கொப்பியே போதும், பென்சிலால் எழுதிய பக்கமாகப் பார்த்து எடுங்கள். பேனா மை துணியில் ஏறும். தாளில் வேண்டிய உருவத்தைக் கோடுகளாக வரைந்து 1, 2, 3 என்று எண் போட வேண்டும். துணி இருப்பது தாளின் பின்பக்கம். முதல் துண்டை நல்ல பக்கம் வெளியே தெரிய வைத்து, இரண்டாவதை அதன்மேல் நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் சேரக் கவிழ்த்து, தாளைத் திருப்பிக் கோட்டின் மேலேயே தைக்க வேண்டும். கால் அங்குலம் விட்டு மிச்சத்தை வெட்டி, இரண்டாவது துண்டை விரித்து நகத்தால் அழுத்தி, மூன்றாவதுக்குப் போகலாம். துணி எந்தப் பக்கம் இழுத்தாலும் தாள் விடாது. தையலைச் சின்னதாக வையுங்கள், அங்குலத்துக்கு 15 முதல் 20 வரை. கடைசியில் தாள் தபால் முத்திரையைப் போலத் துளை வழியே கிழிந்து வந்துவிடும். உருவம் மட்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறி வரும், வரையும்போதே அதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மெஷின் இல்லாதவர்களுக்குக் கைத்தையல் வழியும் உண்டு. அறுகோணமாக வெட்டிய தாளின்மேல் துணியை மடித்து நூலோட்டி, விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைப்பார்கள். இங்கிலாந்தில் 1718ஆம் ஆண்டு குறிக்கப்பட்ட ஒரு பட்டுப் போர்வை இப்படித் தாள் வைத்துத் தைத்தது. தாள்கள் இன்னும் அதன் உள்ளேயே இருக்கின்றன. எங்கள் இஸ்தோப்பில் கொழுந்து குறைவான நாட்களில் இந்தக் கைத்தையல் நடக்கிறது. பேச்சு அதிகம், தையல் கொஞ்சம். பரவாயில்லை.

இனி வருஷக் கடைசி வேலை. 1990களின் தொடக்கத்திலிருந்து அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி இலவசமாகக் கொடுக்கிறது. இடையில் சில வருஷம் துணிக்குப் பதிலாக வவுச்சர் வந்தது. 2025ஆம் ஆண்டுக்கான துணி முழுவதும் சீனாவின் அன்பளிப்பு. யார் கொடுத்தாலும் கொடுப்பது துணிதான், சட்டை அல்ல. தைப்பது நம் வீட்டுப் பொறுப்பு. பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது துணியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு "அக்கா, நாளைக்கே வேணும்" என்கிற தாய்மாருக்குத்தான் இதைச் சொல்கிறேன். துணி கைக்கு வந்த அன்றே தண்ணீரில் நனைத்துக் காயப் போடுங்கள். கீழ் மடிப்பில் இரண்டு அங்குலம் விடச் சொல்லுங்கள், பிள்ளை வருஷ நடுவில் வளரும். அளவெடுக்கும்போது பிள்ளையை விறைப்பாக நிற்க வைக்காதீர்கள். டீச்சர் கேள்வி கேட்டால் எப்படிக் கையைத் தூக்குமோ அப்படித் தூக்கச் சொல்லி அளவெடுக்கச் சொல்லுங்கள். வெட்டுத்துண்டில் நாலு அங்குலச் சதுரம் இரண்டை வெட்டிக் கமுக்கட்டுக்கு வைக்கத் தையல்காரியிடம் சொல்லுங்கள். அந்த வேலைக்கு ஒரு சின்னத் தொகையும் சேர்த்துக் கொடுங்கள்.