ஒரு நெல்மணியின் காலத்தைக் கேட்கும்போது

அகழாய்வுக் குழியில் எழுத்துக் கீறிய பானையோடு ஒன்று கிடைத்துவிட்டால், அதன் காலத்தை எந்தத் துறையும் தனியாகச் சொல்லிவிட முடியாது. எழுத்தமைதியைப் பார்த்துக் கல்வெட்டாய்வாளர் ஒரு நூற்றாண்டைச் சொல்வார். மண்ணடுக்கைப் பார்த்து எங்களைப் போன்ற அகழாய்வாளர்கள் எது முந்தியது, எது பிந்தியது என்போம். ஆண்டுக் கணக்குக்குக் கரிமக் காலக்கணிப்பு ஆய்வகத்தைத்தான் நாட வேண்டும்.

ஆய்வகம் கணிப்பது பானையோட்டின் வயதை அல்ல, அதன் அருகே கிடைத்த கரியின் வயதை. இரண்டும் ஒரே காலத்தில் மண்ணுக்குள் போனவை என்பதற்கு அகழ்ந்தவரே பொறுப்பு. எலிவளையோ பின்னாளில் வெட்டிய குழியோ அந்த அடுக்கைக் குலைத்திருந்தால், எவ்வளவு நுட்பமான கருவியும் அதைக் கண்டுபிடித்துச் சொல்லாது.

கரியிலும் வேறுபாடு உண்டு என்பதைத் தாவரவியலாளர்களிடம்தான் கற்றேன். முதிர்ந்த மரத்தின் நடுப்பகுதி, அந்த மரத்தை வெட்டிய நாளைவிட நூறாண்டு மூத்ததாகவும் இருக்கலாம். ஒரே பருவத்தில் விளையும் நெல்லில் இந்தச் சிக்கல் இல்லை. பழனி அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் அகழ்ந்த ஈமச்சின்னம் ஒன்றில், நாலுகால் சாடிக்குள் நெல் இருந்தது. அதே ஈமச்சின்னத்தில் தமிழ்பிராமி எழுத்துள்ள பிரிமனையும் கிடைத்தது. நெல்லின் காலம் பொ.மு. 490 என வந்தது. எழுத்தும் தானியமும் ஈமச்சின்னமும் ஒன்றுக்கொன்று சாட்சியாக நிற்பதால்தான் அந்த ஆண்டுக்கு இத்தனை மதிப்பு.

அதை ஏற்கத் தயங்கிய கல்வெட்டறிஞர்களும் உண்டு. அந்தத் தயக்கத்தை எதிர்ப்பாக எண்ணிவிடக் கூடாது. பொ.மு. 800 முதல் 400 வரையிலான காலத்தில் கரிம அளவீட்டை ஆண்டுக் கணக்காக மாற்ற உதவும் திருத்த வளைகோடு ஏறத்தாழத் தட்டையாகக் கிடக்கிறது. அதனால் ஒரே அளவீடு சில நூற்றாண்டுகள் அகன்ற காலவரம்பைத் தந்துவிடலாம். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்குச் சொல்லப்பட்ட பொ.மு. 580-உம் இந்த இடைவெளிக்குள்தான் வருகிறது. அந்த அகலத்தைக் குறுக்குவதற்கு மண்ணடுக்கும் எழுத்தமைதியும் மறுபடி தேவைப்படுகின்றன. இயற்பியலிடம் போன கேள்வி, சுற்றிக்கொண்டு எங்களிடமே திரும்பி வருகிறது.

பிற துறையாரிடம் விடையை மட்டும் வாங்கி வருவது கூட்டாய்வு ஆகாது. அந்த விடை எப்படி உருவானது, எந்த எல்லைவரை செல்லும் என்று கேட்டறிவதே கூட்டாய்வு.

இளம் ஆய்வாளர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: மாதிரியை அனுப்பும்போது குழியின் வெட்டுமுக வரைபடத்தையும் சேர்த்து அனுப்புங்கள். முடிவை வெளியிடும்போது ஒற்றை ஆண்டை மட்டும் எழுதாதீர்கள். காலவரம்பின் இரு முனைகளையும் எழுதுங்கள்.