தன்வினையும் பிறவினையும்

தன்வினை, பிறவினை என்னும் பாகுபாட்டை நாம் பள்ளிப் பருவத்திலேயே கற்றுவிடுகின்றோம். ‘உண்டான்’ என்பது தன்வினை. ‘ஊட்டினாள்’ என்பது பிறவினை. பரீட்சைக்குரிய இலக்கணச் செய்தியாக மட்டுமே நான் கருதிவந்த இவ்வேறுபாடு, ஒருவனுடைய வாழ்க்கைக்கு வேண்டிய உதவிநிதியைத் தீர்மானிப்பதாகவும் அமையக்கூடும் என்பதை அண்மையிலேதான் உணர்ந்தேன்.

என் பெரியம்மா மெல்பேண் நகரில் வாழ்கின்றார். அவருடைய மகன், எனக்குத் தம்பி முறையினன், பிறப்பிலிருந்தே அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையவன். இப்போது இருபது வயது. நிரந்தர வதிவிட உரிமை கிடைத்ததும், அவுஸ்திரேலியாவின் தேசிய இயலாமைக் காப்புறுதித் திட்டத்தில் அவனைச் சேர்ப்பதற்குப் பெரியம்மா முயன்றார். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உருவான அத்திட்டம் குறைபாட்டின் பெயரை மட்டும் கேட்டு நிதி வழங்குவதன்று. தொடர்பாடல், சமூக ஊடாட்டம், கற்றல், நடமாட்டம், தற்பராமரிப்பு, தன்னை நிர்வகித்தல் என்னும் ஆறு துறைகளுள் ஒன்றிலேனும் இயங்குதிறன் கணிசமாகக் குறைந்துள்ளமை காட்டப்படல் வேண்டும்.

இதனை மதிப்பிட உளவியலாளர் கையாளும் கருவிகளுள் வைன்லண்ட் அளவுகோல் பெயர்பெற்றது. ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து வைன்லண்ட் பயிற்சிப் பள்ளியிற் பணியாற்றிய எட்கார் டோல் என்பார் 1935இல் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டார். மூன்றாம் பதிப்பு 2016இல் வந்தது. நுண்ணறிவுச் சோதனையிற் போல இங்கே புதிர்களை விடுவிக்குமாறு கேட்பதில்லை. ஒருவனை நன்கறிந்தவரிடம் அவனுடைய அன்றாட வாழ்வை வினவுவர். அவனால் என்ன செய்ய முடியும் என்பதன்று வினா. பிறர் துணையின்றி வழக்கமாக என்ன செய்கின்றான் என்பதே வினா.

நேர்காணலுக்கு முன்னர் ஒரு நாளின் நிகழ்ச்சிகளை எழுதித் தருமாறு உளவியலாளர் கேட்டிருந்தார். பெரியம்மா அதனைத் தமிழில் எழுதி, ஆங்கிலத்திற் பெயர்த்துத் தரும்படி எனக்கு அனுப்பினார். ‘ஆறரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். குளித்தான். உடை உடுத்தான். மத்தியானம் மீனும் சோறும் சாப்பிட்டான்.’ எல்லா வாக்கியங்களுக்கும் எழுவாய் மகனே. அதிற் பொய் எதுவும் இல்லை. ஆயினும், அவர்கள் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது நான் கண்ட காலைப்பொழுது வேறுவிதமானது. தொலைபேசியிற் கேட்டேன்:

“பெரியம்மா, பிரசிலை பேஸ்ட் வைக்கிறது ஆர்?”

“நான்தான். உதையெல்லாம் என்னத்துக்குப் பிள்ளை எழுதிறது?”

மறுபடி எழுதினார். இம்முறை வாக்கியங்கள் மாறின. எழுப்பினேன், பற்பசை வைத்துக் கொடுத்தேன், கையைப் பிடித்துத் தொடக்கிவிட்டேன், நீரின் சூட்டைப் பார்த்தேன், முதுகு தேய்த்தேன், சட்டையின் முன்பக்கத்தைக் காட்டினேன், மீன்முள்ளை எடுத்துச் சோற்றைப் பிசைந்து வைத்தேன். எழுவாய் முழுவதும் தாயாகிவிட்டாள். ‘தனியாகக் குளிப்பானா?’ என்றால் ஆம் என்பதே விடை. குளியலறையில் வேறெவரும் நிற்பதில்லை. ‘சொல்லாமலே தானாகக் குளிப்பானா?’ என்றால் இல்லை. இரு வினாக்களுக்கும் இடையிலேதான் அந்தத் தாயின் இருபது ஆண்டு உழைப்பு மறைந்து கிடந்தது.

இரண்டாம் குறிப்பை எழுதி முடித்தபோது, “பிள்ளையைக் குறை சொன்ன மாதிரிக் கிடக்கு” என்று பெரியம்மா கலங்கினார். அக்கலக்கத்தை இலகுவில் ஒதுக்கிவிட முடியாது. அவன் பாட்டை முணுமுணுப்பதையும், தாய் வரும் நேரம் அறிந்து வாயிலிற் காத்து நிற்பதையும் விண்ணப்பம் நாடுவதில்லை. இயலாதவை மிகுந்தாலே நிதி கிடைக்கும். ஆயினும், இரண்டாம் குறிப்பு மகனின் குறைப்பட்டியல் அன்று. தாயின் வேலைப்பட்டியல் என்றே நான் கருதுகின்றேன். அன்பினாற் செய்யப்படுவதால் அது வேலையல்ல என்றாகிவிடாது.

முன்பின் அறியாத மதிப்பீட்டாளரைக் கொண்டு இயங்குதிறனை அளக்கும் திட்டமொன்றை அந்நாட்டு அரசு முன்வைத்து, இயலாமையுடையோரின் கடும் எதிர்ப்பின் பின் 2021 யூலையிற் கைவிட்டது. எதிர்ப்பின் நியாயம் எனக்கு இப்போது விளங்குகின்றது. சில மணிநேரம் வந்து செல்லும் அந்நியர் கண்ணுக்கு ‘குளித்தான்’ என்பது மட்டுமே தெரியும்.

நம் நாட்டிலும் இயலாமையுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் இயற்றப்பட்டது. ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்தது. எனினும், நம் வீடுகளில் தாய்மாரும் சகோதரிகளும் செய்யும் பிறவினைகள் எழுதப்படாமலே இருக்கின்றன. ‘தன்ரை வேலையைத் தானே பார்ப்பான்’ என்று பெருமையோடு கூறி, அவ்வேலையின் பாதியைத் தாமே செய்கின்றனர்.

பெரியம்மாவின் விண்ணப்பத்திற்கு இன்னும் முடிவு வரவில்லை. அவருக்கு அறுபது வயது கடந்துவிட்டது. அவருக்குப் பின்னர் அவ்வினைகளுக்கு எழுவாய் யார் என்பதே அந்த நிதியைக் கேட்பதற்கான காரணம். அதைக் கேட்பதற்கு முன்னர் அவ்வினைகள் ஒவ்வொன்றாக எழுதப்படல் வேண்டும்.