ஆட்டுத்தொட்டிக்கு மேலே

எம்.கே.பி. நகரில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு வானம் என்றாலே கழுகுதான். பறவைப் புத்தகங்கள் அதைக் கரும்பருந்து என்று சொல்லும். தெருவில் எல்லோருக்கும் அது கயுகு. காலை வெயில் ஏறி ஹவுசிங் போர்டு மாடிகளின் சிமென்ட் சுட ஆரம்பித்ததும் ஒன்றிரண்டாக மேலே வரும். பத்து மணிக்குள் பெரிய வட்டம் சேர்ந்துவிடும். சிறகை அடிக்காமல், சூடேறி எழும் காற்றிலேயே ஏறிக்கொண்டு போகும். ஆயா மொட்டைமாடியில் கருவாடு காயப்போடும் நாட்களில் காவல் என் பொறுப்பு. காக்கை வந்தால் கத்தும், பூனை வந்தால் தெரியும். கழுகு வருவதை நிழல்தான் சொல்லும். தரையில் நிழல் சட்டென்று பெரிதானால் குச்சியைத் தூக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் ஒரு வாளைக் கருவாடு போயிருக்கும்.

அவ்வளவு கழுகுகள் எங்கள் தலைக்கு மேல் ஏன் சுற்றின என்பதை வரைபடத்தைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். தெற்கே ஆடு அறுக்கும் புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி. வடக்கே கொடுங்கையூர் குப்பைமேடு. கிழக்கே காசிமேடு மீன்பிடித் துறைமுகம். இந்த மூன்றுக்கும் நடுவில் வியாசர்பாடியும் எம்.கே.பி. நகரும். ஊர் தின்று கழித்ததையெல்லாம் கொண்டுவந்து கொட்டும் பக்கம் இது. அந்தக் கழிவில் ஒரு பங்கை இந்தப் பறவைகள்தான் சம்பளம் வாங்காமல் தீர்த்துவைத்தன.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நைனாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து ஆட்டுத்தொட்டிக்குப் போவேன். கணேசபுரம் சுரங்கப்பாதை வழியாகப் போவோம். மழை நாளில் அங்கே தண்ணீர் நின்றுவிடும், சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஆட்டுத்தொட்டி மதில் நெடுகவும் மின்கம்பங்களிலும் கழுகுகள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கும். கழிவு வண்டி வெளியே வந்தால் போதும், மொத்தமும் எழும்பும். தரையில் இறங்கி நின்று தின்னாது. பாய்ந்து வந்து காலால் கவ்வி, மேலே போனபடியே தலையைக் குனிந்து காலில் இருப்பதை அலகால் பிய்த்துத் தின்னும். நடுவில் பிளந்த வால் மட்டும் இப்படியும் அப்படியும் திருகித் திருகித் திசை மாற்றும். நான் அண்ணாந்தபடியே நிற்பேன். நைனா கறியை மந்தாரை இலையில் கட்டி, மேலே பழைய பேப்பர் சுற்றி, ஒயர் கூடையில் வைத்துத் துண்டால் மூடுவார்.

"கூடையப் புட்ச்சிக்கோ. மேல பாத்துக்கினே வுட்ராத, அது உன்னப் பாத்துக்கினு கீது."

மழைக்காலத்தில் எங்கள் பார்வை கீழே இறங்கும். கேப்டன் காட்டன் கால்வாய் நிரம்பி வழிந்தால் அதில் இருந்ததெல்லாம் தெருவுக்கு வரும். மாடிப்படிக்கு அடியில் பெருச்சாளி குடும்பத்தோடு குடியேறும். தண்ணிப்பாம்பு கீழ்வீட்டு வாசற்படியில் சுருண்டு கிடக்கும். சாரை வந்துவிட்டால்தான் தெருவே கூடும். அதை அடிக்கக் கூடாது, எலியைத் தின்கிற பாம்பு என்று வாதாடும் பெரியவர் ஒருவர் எல்லாத் தெருவிலும் இருந்தார், அவர் பேச்சுக்கு மரியாதையும் இருந்தது. மழை விட்ட பிறகு அம்பேத்கர் கல்லூரிப் பக்கத்துப் புதர்களில் கீரி ஓடும். கொடுங்கையூர் பக்கம் தேங்கிய கறுப்புத் தண்ணீரில் நீண்ட சிவப்புக் கால்களோடு வெள்ளையும் கறுப்புமாகப் பறவைகள் வரிசையாக நடக்கும். அவற்றின் பெயர் பவளக்கால் உள்ளான் என்று பின்னாளில்தான் தெரிந்தது. அந்தச் சாக்கடையில் அந்தச் சிவப்பைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

காசிமேட்டுக்கு ஆயாவோடு போவேன். அங்கே கருடன் உண்டு. தலையும் மார்பும் வெள்ளை, மற்றதெல்லாம் செம்மண் நிறம். கழுகுக்கு வால் பிளந்திருக்கும், கருடனுக்கு வட்டமாக இருக்கும். விசைப்படகு கரை சேர்ந்து கூடை கூடையாக மீன் இறங்கும்போது இரண்டும் கலந்து பறக்கும். ஆயா ஏலச் சத்தத்துக்கு நடுவிலும் கருடனை மட்டும் பிரித்துக் கண்டுபிடித்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். "கயுகும் சாமி வளத்தது தானே ஆயா?" என்று கேட்டால், "அதுவும்தான், அது நம்ம வூட்டுப் புள்ள மாதிரி, அதுக்கு எதுக்குக் கும்புடு" என்று சொல்லும்.

மீஞ்சூரில் சொந்தக்காரர் வீடு. கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினால் எண்ணூர் தாண்டியதும் கொசஸ்தலை ஆறு வரும். ரயில் பாலத்தின் மேல் ஓடும் அந்தச் சில நிமிடங்களுக்காக ஜன்னலோரத்துக்குச் சண்டை போடுவோம். கழிமுகத் தண்ணீரில் கூழைக்கடா மிதக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு அந்தக் கழிமுகத்தில் பரவியபோது அதே கூழைக்கடாக்கள் கறுத்துப்போன இறகுகளோடு நின்ற படங்கள் பத்திரிகைகளில் வந்தன. பார்த்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

கோடை லீவு விட்டதும் வானத்துக்குப் போட்டி வரும். மதியம் கடல்காற்று திரும்பியதும் ஒவ்வொரு மொட்டைமாடியிலிருந்தும் காத்தாடி ஏறும். வடசென்னைப் பையன்களுக்குக் காத்தாடி என்றால் டீல் விடுவதுதான்; அடுத்தவன் நூலை அறுப்பதுதான் ஆட்டமே. அதற்கு மாஞ்சா வேண்டும். எரிந்துபோன டியூப்லைட்டை உடைத்து, அம்மியில் மாவாக அரைத்து, துணியில் சலிப்பார்கள். வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சி, கஞ்சியும் கலர்ப்பொடியும் கலந்து, அதில் கண்ணாடித் தூளைப் போட்டு, இரண்டு கம்பத்துக்கு நடுவில் இழுத்துக் கட்டிய நூலில் பூசிக் காயவைப்பார்கள். காய்ந்ததை லொட்டாயில் சுற்றினால் வேலை முடிந்தது. விரலில் பிளாஸ்திரி ஒட்டாத அண்ணன் எங்கள் தெருவில் இல்லை.

காத்தாடி அறுந்து போனால் அதைப் பிடிக்க ஐம்பது பேர் ஓடுவார்கள். நூலைப் பற்றி யாருக்கும் நினைப்பு இருக்காது. அது வேப்பமரத்திலும் டி.வி. ஆன்டெனாவிலும் மின்கம்பியிலும் கண்ணுக்குத் தெரியாமல் தொங்கும். குளிர்காலத்தில் கூடு கட்டிய கழுகுகளின் குஞ்சுகள் பறக்கப் பழகுவதும் ஏறக்குறைய அதே சமயம்தான்.

அப்படித்தான் ஒரு சாயங்காலம் எங்கள் தெருமுனை வாதா மரத்தில் ஒரு கழுகு தலைகீழாகத் தொங்கியது. ஒற்றைச் சிறகு விரிந்தபடி நூலில் மாட்டியிருக்க, மற்றதை அடித்து அடித்துச் சுழன்றது. ஒவ்வொரு சுழற்சிக்கும் நூல் இன்னும் உள்ளே இறங்கியது. காக்கைகள் கூடிக் கத்தின. நாங்கள் கீழே நின்று கத்தினோம். கறிக்கடை பாய் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தார். ஏணி போட்டு ஏறி, தோளில் கிடந்த துண்டை அதன் தலையில் போட்டார். அடித்துக்கொண்டிருந்தது அடங்கிவிட்டது.

"கண்ணு தெரியலன்னா அது பயப்படாது. யாரும் நூல இஸ்துடாதீங்க, கத்தரிக்கோல் எட்தாங்க" என்றார்.

இறக்கிக் கொண்டுவந்து கடைப் படியில் வைத்தபோது கையெட்டும் தூரத்தில் முதல்முறையாகக் கழுகைப் பார்த்தேன். கீழே இருந்து பார்த்தால் ஒரே பழுப்பாகத் தெரிகிற பறவையின் மேல் எத்தனை நிறங்கள். ஒவ்வொரு இறகின் நடுவிலும் கறுப்புக் கோடு, ஓரத்தில் வெளிறிய மணல் நிறம். அலகு கறுப்பு, அது முகத்தில் சேரும் இடம் மஞ்சள். துண்டு விலகியபோது தெரிந்த கண் கரும்பழுப்பு. கோபம் எதுவும் இல்லை அதில். வாயைத் திறந்தபடி மூச்சுவிட்டது. சிறகுக்குள்ளிருந்து தட்டையான ஈ ஒன்று வெளியே வந்து பக்கவாட்டாக என் மணிக்கட்டில் ஊர்ந்தது. தோளுக்கும் சிறகின் மடிப்புக்கும் நடுவில் மெல்லிய தோல் ஒன்று உண்டு. ரோஸ் கலர் மாஞ்சா அந்தத் தோலை அறுத்து எலும்பு வரை போயிருந்தது.

பாய் மஞ்சள் வைத்துக் கட்டி, கடைக்குப் பின்னால் கோழிக்கூண்டில் விட்டார். தினமும் கொழுப்பு நீக்கிய கறித்துண்டு போடுவார். நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கேதான் போவோம். தின்றது, தண்ணீரில் குளித்தது, பாயின் குரல் கேட்டால் கூண்டின் ஓரத்துக்கு வந்தது. ஆனால் பறக்கவில்லை. கழுகு மிதப்பதே அந்தத் தோலை இழுத்துப் பிடித்துக் காற்றில் சாய்வதால்தான். அது அறுந்தால் சிறகு இருந்தும் பயனில்லை. மேலே மற்றவை வட்டமடிக்கும்போது தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும். அடைமழைக்கு முன்னால் செத்துப்போனது.

பல வருஷம் கழித்து 'ஆல் தட் ப்ரீத்ஸ்' ஆவணப்படத்தைப் பார்த்தபோது அந்தக் கூண்டுதான் கண்முன் வந்தது. டெல்லி வஜீராபாத்தில் முகமது சவுத், நதீம் ஷேஜாத் என்ற சகோதரர்கள் மாஞ்சாவில் அறுபட்ட கரும்பருந்துகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்து வைத்தியம் பார்ப்பதை ஷௌனக் சென் எடுத்த படம். 2022இல் சன்டான்ஸிலும் கான் விழாவிலும் விருது வாங்கியது, அடுத்த வருஷம் ஆஸ்கர் பரிந்துரைக்கும் போனது. கறி தின்னும் பறவை என்று பறவை மருத்துவமனையில் சேர்க்க மறுத்ததால்தான் அந்தச் சகோதரர்கள் தாங்களே வைத்தியம் கற்றுக்கொண்டார்கள். பார்த்து முடித்ததும் பாயின் துண்டுதான் நினைவுக்கு வந்தது.

மாஞ்சா பறவையோடு நிற்பதில்லை. 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டையில் அப்பாவின் பைக்கில் முன்னால் உட்கார்ந்து போன மூன்று வயதுக் குழந்தையின் கழுத்தை அறுத்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 2017இல், நைலான் போன்ற செயற்கை நூல் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடை செய்திருந்தது. சென்னைக் காவல் துறையும் திரும்பத் திரும்பத் தடை போடுகிறது, லொட்டாய்களைப் பறிமுதல் செய்கிறது. இருந்தும் கோடைதோறும் நூல் வந்துவிடுகிறது. இப்போது வருவது பருத்தியும் இல்லை. மழையில் மட்காத, கையால் அறுக்க முடியாத நைலான். எங்கள் காலத்து மாஞ்சா ஒரு மழைக்காலத்தில் இற்றுப்போகும். இது வருஷக்கணக்கில் மரத்தில் தொங்கும்.

சென்னையின் காட்டுயிர் என்றால் கிண்டியைச் சொல்வார்கள், 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணையைச் சொல்வார்கள். நல்லதுதான், இரண்டும் காக்கப்பட வேண்டியவை. ஆட்டுத்தொட்டி மதிலில் உட்கார்ந்திருப்பதும், கொடுங்கையூர் சாக்கடையில் நடப்பதும், எண்ணூர் கழிமுகத்தில் மிதப்பதும் அதே அக்கறைக்கு உரியவை. அவற்றைப் பார்க்க டிக்கெட் வேண்டாம், பைனாகுலர் வேண்டாம். எம்.கே.பி. நகரில் எந்த மொட்டைமாடியிலும் ஏறி அண்ணாந்தால் போதும்.

இப்போது அந்த மாடிகளில் நிற்கும் தம்பிகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. காத்தாடி விடுங்கள், அதைவிட நல்ல விளையாட்டு இல்லை. வெறும் பருத்தி நூலில் விடுங்கள். ஆட்டம் முடிந்ததும் மாடியிலும் மரத்திலும் தொங்கும் நூலைச் சுற்றி எடுத்து வெட்டிப் போடுங்கள். கரண்டுக் கம்பியில் மட்டும் கை வைக்காதீர்கள். கழுகு மாட்டிக்கொண்டால் நூலை இழுக்காதீர்கள். தலையில் துணியைப் போட்டு, இரண்டு சிறகையும் உடம்போடு சேர்த்துப் பிடித்து, நூலை வெட்டி, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வீட்டில் வைத்துக்கொள்ளாமல் உடனே வனத்துறைக்கோ புளூ கிராஸுக்கோ சொல்லுங்கள். சீக்கிரம் போய்ச் சேர்ந்து தையல் போட்டால் மறுபடி பறக்கிற வாய்ப்பு அதற்கு உண்டு.