செட்டியைக் கொன்ற வெள்ளி

நீர் வற்றிய கண்டல் சேறு, மண்ணெண்ணெய்ப் புகை, காய்ந்த வலையின் கவிச்சி, இவை மூன்றும் சேர்ந்து மூக்கில் ஏறினால் எனக்கு வானந்தான் ஞாபகம் வரும், ஏனென்றால் எங்கள் களப்போரத்து ஊரான எலுவன்குளத்தில் தோணியைத் தள்ளுமுன் அம்மப்பா வெற்றிலையை ஒரு கொடுப்புக்குள் ஒதுக்கி, அரிக்கன் லாம்பைத் தணித்துவிட்டு, முதலில் மேலேதான் பார்ப்பார். "அது விடிவெள்ளியில்ல மகன், இன்னும் நேரம் கிடக்கு" என்பார், அது செட்டியைக் கொன்ற வெள்ளியாம், விடிந்ததென்று நம்பி நடுச்சாமத்தில் புறப்பட்ட செட்டி கள்ளரிடம் அகப்பட்ட கதையைச் சொல்லிக்கொண்டே லாம்பைக் கையில் எடுப்பார்.

பல வருடம் கழித்து, சென்னை நுங்கம்பாக்கத்து வானிலை அலுவலக வளவில், வெயில் குடித்த கருங்கல் தூணொன்றில் 1792ஆம் ஆண்டையும் தமிழ் எழுத்துகளையும் பார்த்து நின்றபோது அம்மப்பாவின் அந்தக் குரல் காதில் விழுந்தது. பழைய மதராஸ் வானாய்வகத்தின் மிச்சம் அது, இங்கிருந்துதான் 1861 ஏப்ரல் 17 அன்று வானியலாளர் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டு, இந்தக் கண்டத்திலிருந்து கண்ட முதலாவது என்பதால் ஆசியா என்று பெயர் வைத்தார். 1801இல் பலெர்மோவில் பியாசி கண்ட சீரிசும் நெடுங்காலம் அதே கூட்டத்தில் இருந்து, 2006இல் குறுங்கோளாக உயர்ந்தது, அன்றைக்கே புளூட்டோ கோள் வரிசையிலிருந்து இறங்கியது, அந்தச் செய்தியைக் கொழும்பில் ஒரு வாடகை அறையில் படித்து, நெருங்கிய ஒருவரை ஊரைவிட்டு அனுப்பியதுபோல் வருந்தினேன்.

ஆனால் என் மனதைப் பிடித்தது செட்னா என்ற தொலைதூரச் சிற்றுலகம். கலிபோர்னியாவின் பாலோமர் மலையில் மைக் பிரவுனும் கூட்டாளிகளும் ஒரே வானத்தை மணிக்கணக்கு இடைவெளியில் மும்முறை படமெடுத்து, நின்ற புள்ளிகளுக்குள் நகர்ந்த புள்ளியைத் தேடி, 2003 நவம்பரில் அதைக் கண்டார்கள், சூரியனை ஒருமுறை சுற்ற அதற்குப் பதினோராயிரம் வருடமளவில் வேண்டும். அதற்கு வைத்தது வடதுருவத்து இனுவிட் மக்களின் கடல்தெய்வத்தின் பெயர், நெப்டியூனுக்கு அப்பாலுள்ள மாக்கேமாக்கேக்கு ஈஸ்டர் தீவுத் தெய்வத்தின் பெயர். அவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் கடலோடிகளின் தெய்வங்களிடம் போய்ப் பெயர் எடுத்ததை நான் மதிக்கிறேன், நம் கரையின் பெயர்களும் அங்கே போகவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இப்போது ஊரில் பையன்கள் கைபேசியில் மணி பார்த்துத்தான் இறங்குகிறார்கள், களப்புக்கு மேலே முன்பிருந்த இருட்டு இல்லை, அதனால் நட்சத்திரங்களும் குறைந்துபோயின. முதியவர்களிடம் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறேன், முன்பு இதைச் செய்யத் தோன்றவில்லை. அம்மம்மாவின் தங்கச்சியிடம் செட்னாவைப் பற்றிச் சொல்லி, மீனையும் கடல்நாயையும் அடைத்துவைப்பதும் அவிழ்த்துவிடுவதும் அவள்தான் என்றேன், கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "அப்ப அவங்களுக்கும் இப்ப மீன்பாடு கொறைஞ்சிட்டுதா மகன்?" என்று கேட்டார்.