முதல் கியரின் மரியாதை

மைசூர் சாமுண்டி மலைச் சாலையில் பாதி ஏற்றம். முன்னால் போன பஸ் வளைவில் நின்றதும் ஜாவாவும் நின்றது. பஸ் நகர்ந்ததும் மகள் ஆக்ஸிலேட்டரை முறுக்கி கிளட்சை மெதுவாக விட்டாள். எஞ்சின் அலறியது, வண்டி முனகிக்கொண்டு ஊர்ந்தது. கருகல் வாடை. பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா அவள் தோளைத் தட்டினார்.

"எந்த கியர்லம்மா எடுத்தே?"

"செகண்ட்லதாம்ப்பா. ஃபர்ஸ்ட் போட்டா உடனே மாத்தணுமே..."

"ஓரமா நிறுத்து."

அவர் கோபத்தில் நியாயம் உண்டு. அவருடைய தந்தை 1968ல் வாங்கிய வண்டி அது. அதே ஊரின் யாதவகிரியில், ஐடியல் ஜாவா ஆலையில் பிறந்தது. 1961ல் செக்கோஸ்லோவாக்கிய ஜாவாவைத் தயாரிக்கத் தொடங்கி, பிறகு யெஸ்டியாகப் பெயர் மாற்றிய அந்த ஆலை 1996ல் மூடப்பட்டது. ஜாவா என்ற பெயர் 2018ல் புது வண்டிகளோடு திரும்பியது. ஆனால் பழைய வண்டிக்குப் பழைய பிளேட்தான் வேண்டும். அதைத் தேடி அலைந்தவர் அவர்.

கிக்கரையே மடக்கி கியர் லீவராக்கிக் கொள்ளும் வண்டி அது. லீவரை அழுத்தினாலே கிளட்ச் விடுபடும்; ஓட்டத்தில் கியர் மாற்றக் கையே தேவையில்லை. ஆனால் நின்ற வண்டியை நகர்த்தும்போது தந்திரம் எதுவும் பலிக்காது. எஞ்சின் சுற்றுகிறது, சக்கரம் நிற்கிறது. இரண்டுக்கும் வேகம் ஒன்றாகும்வரை, எண்ணெயில் நனைந்த கார்க் பதித்த பிளேட்டுகள் வழுக்கிக்கொண்டே தேய வேண்டும்.

முதல் கியரில் அந்த வழுக்கல் சீக்கிரம் முடிந்துவிடும். எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால், இரண்டாம் கியரில் வண்டி ஒன்றரை மடங்கு தூரம் போகும் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் வேகம் அதேயென்றால், சமதரையில்கூட கிளட்சில் பிறக்கும் சூடு ஒன்றரை மடங்கல்ல, இரண்டேகால் மடங்கு. ஏற்றத்தில், இரண்டு பேர் பாரத்தோடு, இன்னும் அதிகம். ஒரு தடவை கால் அசைப்பதை மிச்சம் பிடிக்க நினைத்தால், பிளேட்தான் அந்தக் கடனை அடைக்கிறது. ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் கிளட்சாலேயே வண்டியைத் தாங்கி நிறுத்துபவர்களும், ஓடும்போது லீவரில் விரலை அழுத்தி வைத்திருப்பவர்களும் இதே கடன்காரர்கள்தான்.

இரண்டாவதில் எடுக்கக் கூடாதென்று சட்டமில்லை. இறக்கத்தில் எடுக்கலாம். முதல் கியரில் சக்கரம் சுழன்று வழுக்கும் சேற்றிலும் எடுக்கலாம்.

அப்பா இறங்கிக்கொண்டார். "ஃபர்ஸ்ட் போடு. கிளட்ச் பிடிக்கிறது கையில தெரியும்; அப்புறம் ஆக்ஸிலேட்டர் குடு."

வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. சற்று மேலே சமமான இடத்தில் மகள் காத்திருந்தாள். மூச்சு வாங்க நடந்து வந்த அப்பா, எஞ்சின் பக்கம் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார்.

திரும்பும்போது இறக்கத்தில் ஓரிடத்தில் நிற்க வேண்டியிருந்தது. அவள் இரண்டாவதில் எடுத்துவிட்டுச் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை.